முப்பதா, முப்பத்து மூன்றா?

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் சாலையில் ஒரு புதுக்கோட்டை இருக்கிறது. மாவட்டத் தலைநகரான புதுக்கோட்டை அல்ல, இது எங்கள் பக்கத்துப் புதுக்கோட்டை. சித்திரை வெயில் சுட்டெரித்த ஒரு மதியம், அந்தச் சாலையோரப் பங்க் ஒன்றில் வண்டியை நிறுத்தி, "அண்ணாச்சி, பெட்ரோல் போடுறதுக்கு முன்னால டென்சிட்டி பாத்துக்கிடலாமா?" என்று கேட்டேன். பங்க்காரர் முகம் சுளிக்கவில்லை. கண்ணாடி ஜாடியில் முக்கால் அளவு பெட்ரோல் பிடித்து அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டார். தெர்மாமீட்டரை உள்ளே விட்டு, சற்றுப் பொறுத்து வெளியே எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "முப்பது" என்றார்.

"உள்ள இருக்கும்போதே பாத்துருவோம் அண்ணாச்சி."

மறுபடி விட்டார். இருவரும் குனிந்து, ஜாடியின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனோம். சிவப்புக் கோடு 33-இல் நின்றது.

அவர் பொய் சொல்லவில்லை. வெளியே எடுத்ததும் குமிழில் ஒட்டிய பெட்ரோல் ஆவியாகிறது. ஊசி போடும் முன் ஸ்பிரிட் தடவினால் தோல் சில்லிடுகிறதே, அதே கதைதான். குமிழ் குளிர்ந்து, கோடு கண் முன்னாலேயே இறங்கிவிடுகிறது.

மூன்று டிகிரிதானே என்று விட்டுவிட முடியாது. பெட்ரோல் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். அதனால் எந்த வெயிலில் அளந்தாலும் அடர்த்தியை 15 டிகிரி செல்சியஸுக்கு மாற்றித்தான் ஒப்பிடுவார்கள். இதற்கான அட்டவணை ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும். வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் பெட்ரோலின் அடர்த்தி கனமீட்டருக்குச் சுமார் 0.9 கிலோ குறையும். அன்றைக்கு ஜாடியில் 729 காட்டிய பெட்ரோல், 33 டிகிரியிலிருந்து 15-க்கு மாற்றினால் ஏறக்குறைய 745. லாரி லோடு வந்தபோது பதிவேட்டில் எழுதிய எண்ணுக்கும் இதற்கும் 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது எண்ணெய் நிறுவனங்கள் வைத்திருக்கும் வரம்பு.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 745 அடர்த்தியுள்ள பெட்ரோலில் பத்தில் ஒரு பங்கு மண்ணெண்ணெய் கலந்தால் (அதன் அடர்த்தி 800 என்று வைத்துக்கொள்வோம்) கலவை 750.5 ஆகிவிடும். வித்தியாசம் ஐந்தரை, சோதனையில் பிடிபட வேண்டும். ஆனால் தெர்மாமீட்டரை மூன்று டிகிரி குறைத்துப் படித்தால் மாற்றிய அடர்த்தியில் 2.7 குறைந்துபோகும். மிச்சம் 2.8. கலப்படம் வரம்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். நம்மைக் காக்கும் சோதனை மொத்தமும் அந்த மெல்லிய சிவப்புக் கோட்டை நம்பித்தான் நிற்கிறது.

அதனால் படிக்கும் முறை தெரிந்திருக்க வேண்டும். முதலில் கோடுகளை எண்ணுங்கள். 30-க்கும் 40-க்கும் நடுவே பத்து இடைவெளி என்றால் ஒரு கோடு ஒரு டிகிரி. இருபது என்றால் அரை டிகிரி. பள்ளியில் மீச்சிற்றளவு என்று படித்தது இதைத்தான். ஒரு டிகிரிக் கோட்டில் நிச்சயமாகத் தெரிவது 33 என்ற இரண்டு இலக்கம். இரண்டு கோட்டுக்கு நடுவில் நின்றால் 33.5 என்று கண்மதிப்பில் இன்னொரு இலக்கம் சேர்க்கலாம். அதோடு சரி. 33.57 என்று எவராவது எழுதினால் அந்த 7 கருவி சொன்னதல்ல, எழுதியவர் சொன்னது. கோட்டின் மேலேயே நின்றால் 33 என்று விடாமல் 33.0 என்று எழுதுங்கள். கால் டிகிரி, அரை டிகிரி பார்த்துத்தான் படித்தேன் என்று அந்தப் பூஜ்யம் சொல்கிறது. இவற்றைத்தான் பதினோராம் வகுப்புப் பாடநூல் முக்கிய எண்ணுருக்கள் என்கிறது. மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்துவிட்டு அங்கேயே விட்டுவருவது எனக்கு எப்போதும் வருத்தம்.

காய்ச்சலுக்கு நாம் எல்லைக்கோடாக வைத்திருக்கும் 98.6-க்கும் இதே கதை. 1868-இல் ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிக் தம் நூலில் சொன்னது 37 டிகிரி செல்சியஸ், இரண்டே இலக்கம். பாரன்ஹீட்டுக்கு மாற்றியபோது மூன்றாவது இலக்கம் தானாக முளைத்துவிட்டது. 98.8 காட்டியதும் பதறும் தாய்மார்களுக்கு யாராவது இதைச் சொல்ல வேண்டும்.

ஹைட்ரோமீட்டர் தூத்துக்குடிக்குப் புதிதல்ல. உப்பளத்தில் தண்ணீரின் உப்புச் செறிவு எத்தனை டிகிரி (இது வெப்பநிலை டிகிரி அல்ல) என்று பார்ப்பது இதன் உறவுக்காரக் கருவியில்தான். சுமார் 25 டிகிரியில் உப்பு விழத் தொடங்கும் என்பது அங்கே வேலை செய்பவர்களுக்குக் கைப்பாடம். பெட்ரோலிலும் கருவி ஜாடியின் சுவரைத் தொடாமல், ஆடாமல் மிதக்க வேண்டும். திரவ மட்டம் தண்டை வெட்டும் இடத்தைப் படிக்க வேண்டும். தண்டை ஒட்டிச் சற்றே மேலேறி நிற்கும் விளிம்பைப் படிக்கக் கூடாது. மேலிருந்து பார்த்தால் ஓர் எண், கீழிருந்து பார்த்தால் இன்னோர் எண். கண் மட்டத்தில்தான் சரியான எண்.

அளவு குறைகிறதோ என்ற சந்தேகம் வந்தால் 5 லிட்டர் முத்திரை அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். கூடுதலோ குறைவோ 25 மில்லிலிட்டர் வரைதான் அனுமதி. அளவையில் எடையளவுத் துறையின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். விடியற்காலையில் போட்டால் லாபம் என்று பலர் நம்புகிறார்கள். பங்க்கின் தொட்டி மண்ணுக்கடியில் இருக்கிறது, அங்கே காலைக்கும் மதியத்துக்கும் சூடு அவ்வளவாக மாறாது. ஒரு டிகிரி மாறினாலும் 10 லிட்டருக்கு 12 மில்லிலிட்டர்தான். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெள்ளம் வடிந்த நாட்களில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நம் மாவட்டம் மறக்காது. எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் புகுந்தால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கும். வண்டி நடுவழியில் நின்றுவிடும்.

டென்சிட்டி சரியாக இருப்பதாலேயே பெட்ரோல் சுத்தம் என்று முடிவு கட்ட முடியாது. ஐந்து சதவீத மண்ணெண்ணெய் வரம்புக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். கனமான கலப்போடு லேசான கரைப்பானையும் சேர்த்தால் எண் பழைய இடத்துக்கே வந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டும். உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில், கலப்படத்துக்காக ஒரு பங்க்கின் மீது நடவடிக்கை எடுத்த இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம் 2005 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27. அவர் செய்ததும் மாதிரி எடுத்துப் பார்த்து, எண்ணை எழுதி வைக்கும் வேலைதான்.

டென்சிட்டி, ஃபில்டர் பேப்பர் (ஒரு துளி ஆவியானதும் தாளில் கறை நிற்கிறதா என்று பார்ப்பது), 5 லிட்டர் அளவை, இந்த மூன்று சோதனைகளையும் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. கட்டணம் கிடையாது. மறுத்தால் பங்க்கில் உள்ள புகார்ப் புத்தகத்தைக் கேட்டு எழுதுங்கள். பலகையில் எழுதியிருக்கும் எண்ணெய் நிறுவன அதிகாரியின் எண்ணுக்குப் பேசுங்கள். அளவுக் குறைவு என்றால் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவுக்குப் போக வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வண்டி பழுதாகி இழப்பு ஏற்பட்டால் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமே இல்லை. பில் இல்லாமல் இவை எதுவும் நிற்காது, கேட்டு வாங்குங்கள். பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். தீ ஆபத்து ஒருபுறம், முத்திரையிடாத பாட்டில் சாட்சியாக நிற்பதும் கடினம். மாதிரியை அதிகாரிகள் முத்திரையிட்டு எடுக்கட்டும்.

ஜாடிப் பக்கத்தில் செல்போனை நீட்ட வேண்டாம், காகிதத்தில் எழுதுங்கள்: தேதி, நேரம், பம்ப் எண், வெப்பநிலை 33.0, அடர்த்தி 729.0, பதிவேட்டில் உள்ள அடர்த்தி. கூடவே, தெர்மாமீட்டர் பெட்ரோலுக்குள் இருந்தபோதே படித்தது என்றும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.