ஒருசந்தியும் கார்பன் கணக்கும்

"ஒருசந்தி" என்ற சொல்லை இப்போதெல்லாம் அதிகம் கேட்க முடிவதில்லை. தமிழ்க் கத்தோலிக்கர்களின் பழைய ஜெபப் புத்தகங்களைப் புரட்டினால் "ஒருசந்தி", "சுத்தபோசனம்" என்ற இரண்டு சொற்களும் ஜோடியாகவே வரும். ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரே ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு. சுத்தபோசனம் என்றால் இறைச்சி சேராத சாப்பாடு. முதலாவது அளவைக் குறைக்கிறது, இரண்டாவது பொருளை மாற்றுகிறது.

உணவும் பருவநிலையும் பற்றி இன்றைக்கு ஆய்வாளர்கள் சொல்வதும் ஏறக்குறைய இந்த இரண்டைத்தான்: தேவைக்கு மேல் சமைக்காதீர்கள், இறைச்சியைக் குறையுங்கள். அதனால்தான் கடந்த சில ஆண்டுகளாகத் தவக்காலம் வந்தாலே (சீர்திருத்த சபையினருக்கு லெந்து நாட்கள்) "பூமிக்காக ஒரு நோன்பு" என்ற பேச்சும் கூடவே வருகிறது. இதில் எனக்கு இருந்த கேள்வி ஒன்றுதான். இப்படி நோன்பு இருந்தால் பூமிக்கு உண்மையிலேயே ஏதாவது ஆகுமா, இல்லை இருப்பவருடைய மனத்திருப்தியோடு சரியா? அதற்காகப் படித்துச் சேர்த்த குறிப்புகள் இவை.

விதி என்ன சொல்கிறது

கத்தோலிக்கத் திருச்சபையில் வெள்ளிக்கிழமைதோறும் இறைச்சி தவிர்ப்பது நூற்றாண்டுகளாகக் கட்டாயமாக இருந்தது. 1966 பிப்ரவரியில் திருத்தந்தை ஆறாம் பவுல், அந்தந்த நாட்டு ஆயர் பேரவைகள் இதற்குப் பதிலாக வேறு தவமுயற்சிகளை வைத்துக்கொள்ளலாம் என்று தளர்த்தினார். 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்திலும் வெள்ளிக்கிழமை விதி இருக்கிறது, கூடவே அந்தத் தளர்வும் இருக்கிறது. பல நாடுகளில் நடைமுறையில் தவக்கால வெள்ளிகள் மட்டுமே மிஞ்சின. திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி, சுத்தபோசனம் இரண்டுக்கும் உரிய நாட்களாக நிற்கின்றன.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த விதி உருவானபோது சுற்றுச்சூழல் யார் மனதிலும் இல்லை. உடலை அடக்குவது, பாவத்துக்கு வருந்துவது, ஏழைக்குக் கொடுப்பது என்பவைதான் காரணங்கள். பூமி பற்றிய பேச்சு பிறகுதான் வந்தது. 1989-ல் கான்ஸ்டான்டினோபிள் ஆர்த்தடாக்ஸ் முதுபெரும் தந்தை திமித்ரியோஸ், செப்டம்பர் 1-ஐப் படைப்புக்காக ஜெபிக்கும் நாளாக அறிவித்தார். அவருக்குப் பின் வந்த பர்த்தலோமேயு, 1997-ல் கலிஃபோர்னியாவின் சாந்தா பார்பராவில் பேசும்போது இயற்கைக்கு எதிராகக் குற்றம் செய்வது பாவம் என்றே சொன்னார். 2015-ல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய "லௌதாத்தோ சி" சுற்றுமடலில் பர்த்தலோமேயுவின் பெயரும் வருகிறது. பெரிய தத்துவங்களுக்கு நடுவே மிகச் சாதாரணமான ஒரு பட்டியலும் அதில் உண்டு: சாப்பிடும் அளவுக்கு மட்டும் சமையுங்கள், தேவையில்லாத விளக்கை அணையுங்கள், குப்பையைப் பிரியுங்கள், பேருந்தில் போங்கள். நம்ம வீட்டுப் பாட்டிகள் திட்டித் திட்டிச் சொன்ன விஷயங்கள்தான்!

இங்கிலாந்தில் தானாகவே நடந்த ஒரு சோதனை

இங்கிலாந்து, வேல்ஸ் ஆயர்கள் 1985-ல் வெள்ளிக்கிழமை விதியைத் தளர்த்தியிருந்தார்கள். 2011 செப்டம்பரில் அதை மீண்டும் கொண்டுவந்தார்கள். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் அப்படி ஒரு மாற்றம் இல்லை. ஆய்வாளர்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்குமா? ஒரு பக்கம் விதி மாறியிருக்கிறது, மறு பக்கம் மாறவில்லை. ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஷான் லார்கம் தலைமையிலான குழு அதைச் செய்து 2022-ல் முடிவுகளை வெளியிட்டது. கத்தோலிக்கர்களில் 28 சதவீதம் பேர்தான் தங்கள் வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களிலும் 41 சதவீதம் பேர் மட்டுமே இறைச்சியை முழுக்க விட்டவர்கள். 55 சதவீதம் பேர் குறைக்க முயன்றவர்கள். பிரிட்டன் மக்கள்தொகையில் கத்தோலிக்கர் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சிறு கூட்டத்திலும் கால்வாசிப் பேர், அவர்களிலும் பாதிப்பேர் அரைகுறையாக. இருந்தும் ஆண்டுக்கு 55,000 டன்னுக்கு மேல் கார்பன் மிச்சம் என்று கணக்கு வந்தது. லண்டனிலிருந்து நியூயார்க் போய்த் திரும்பும் விமானப் பயணிகளில் 82,000 பேர் குறைந்ததற்குச் சமம் என்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது அந்த "அரைகுறை"தான். எல்லோரும் புனிதர்களாக மாற வேண்டியதில்லை. ஒரு பெரிய அமைப்பு ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தால், பாதி மனதோடு செய்கிறவர்களை வைத்தே ஒரு மாற்றம் வந்துவிடுகிறது. "வாரம் ஒரு நாள் இறைச்சியைக் குறையுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் எந்த நாள் என்று நினைப்பதற்குள் வாரம் ஓடிவிடும். வெள்ளிக்கிழமை என்று சொன்னால் வீட்டில் யாராவது ஒருவர் ஞாபகப்படுத்துவார்.

மீன் என்கிற ஓட்டை

ஆனா எல்லா விதியிலும் ஓட்டை உண்டு. இங்கே அது மீன். சட்டப்படி மீன் "இறைச்சி"க் கணக்கில் வராது. அமெரிக்காவின் சின்சினாட்டியில் கத்தோலிக்கர் நிறைந்த பகுதியில் மெக்டொனால்ட்ஸ் கடை நடத்திய லூ க்ரோன் என்பவருக்கு வெள்ளிக்கிழமை வியாபாரம் படுத்துவிடும். அதைச் சமாளிக்க 1962-ல் அவர் கொண்டுவந்ததுதான் மீன் பர்கர். 1966-ல் விதி தளர்ந்தபோது என்ன ஆனது என்று ஃபிரெடெரிக் பெல் என்ற பொருளாதார அறிஞர் 1968-ல் ஆராய்ந்தார். நியூ இங்கிலாந்து பகுதியில் மீன் விலை சராசரியாக 12.5 சதவீதம் சரிந்திருந்தது. அதாவது ஒருவருடைய நோன்பு இன்னொருவருடைய சந்தை.

சுற்றுச்சூழல் கணக்கில் இந்த மாற்று ரொம்ப முக்கியம். 2018-ல் பூர், நெமெசெக் என்ற இருவர் 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் தரவுகளைத் தொகுத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 100 கிராம் புரதம் கிடைக்க எவ்வளவு பசுங்குடில் வாயு வெளியாகிறது என்று அதில் பார்க்கலாம். உலக சராசரி, கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மாற்றிச் சொன்னால்:

- இறைச்சிக்காக வளர்க்கும் மாடு: 50 கிலோ
- ஆடு: 20 கிலோ
- பண்ணை இறால்: 18 கிலோ
- சீஸ்: 11 கிலோ
- பண்ணை மீன்: 6 கிலோ
- கோழி: 5.7 கிலோ
- முட்டை: 4.2 கிலோ
- பருப்பு வகைகள்: 1 கிலோவுக்கும் கீழே

இப்போ யோசிச்சுப் பாருங்க. வெள்ளிக்கிழமை கோழிக்குழம்பை விட்டுவிட்டுப் பண்ணை இறால் தொக்கு சாப்பிட்டால், விதி காப்பாற்றப்பட்டது, ஆனா வாயு மூன்று மடங்கு. கோழிக்குப் பதில் சீஸ் பீட்சா என்றால் இரண்டு மடங்கு. கோழிக்குப் பதில் சாம்பாரும் சுண்டலும் என்றால்தான் உண்மையான குறைவு. பழைய "சுத்தபோசனம்" என்ற சொல்லுக்கு இந்த அட்டவணையை வைத்துப் புது அர்த்தம் எழுதிவிடலாம்.

தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கடற்கரைக் கத்தோலிக்கருக்கு மீன் அன்றாடச் சாப்பாடு. ஆட்டுக்கறியை விடுவது அங்கே பெரிய துறவே இல்லை. அதே கடற்கரையில் வேறு இரண்டு நோன்புகள் உண்டு. ஒன்று, ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத ஊர்க்கட்டுப்பாடு. இன்னொன்று அரசாங்கம் போட்டது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், மீன்கள் இனப்பெருக்கம் செய்ய விடுவதற்காக. மனிதன் கையைக் கட்டிக்கொண்டால் கடல் மூச்சு விடும் என்பது கடற்கரைக்குத் தெரியாத சங்கதி இல்லை.

எத்தியோப்பியாவின் பாடம்

நோன்பு என்றால் எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களை விட்டுவிட்டுப் பேச முடியாது. பொதுமக்களுக்கு ஆண்டில் ஏறத்தாழ 180 நாட்கள், குருக்களுக்கும் துறவிகளுக்கும் சுமார் 250 நாட்கள். புதனும் வெள்ளியும் நோன்பு, ஈஸ்டருக்கு முன் 55 நாட்கள் தொடர் நோன்பு. இறைச்சி மட்டும் இல்லை, பால், நெய், முட்டை எதுவும் கிடையாது. பருப்பு, கொண்டைக்கடலை மாவில் செய்யும் ஷிரோ, கீரை, இஞ்செரா. பாதி ஆண்டு கிட்டத்தட்ட முழுத் தாவர உணவு!

அப்படியானால் அங்கே கால்நடை குறைவாக இருக்குமா? இல்லை. ஆப்பிரிக்காவிலேயே அதிகக் கால்நடைகள் எத்தியோப்பியாவில்தான். காரணம், மாடு அங்கே உழவுக்கும் வேண்டும், வீட்டின் சேமிப்பும் அதுதான். மனிதன் நோன்பு இருந்தாலும் மாடு நோன்பு இருக்காது. அது பால் கறக்கும், மீத்தேனும் விடும். நோன்பு வாரங்களில் விற்காத பால் வெண்ணெயாகிறது. சாப்பிடும் பழக்கம் மட்டும் மாறினால் போதாது, உற்பத்தியும் அதற்கேற்ப மாறினால்தான் பலன் என்பது இதில் நான் எடுத்துக்கொண்ட பாடம்.

தட்டுக்கு வெளியே

உலகிலேயே இறைச்சி குறைவாகச் சாப்பிடும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இங்கிலாந்துக் கணக்கை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. நம்ம ஊரில் நடுத்தரக் குடும்பத்தின் கார்பன் வேறு இடத்தில் ஏறுகிறது. ஏசி, கார், அடிக்கடி வாங்கும் பொருட்கள்.

2008 லெந்து காலத்தில் பிரிட்டனில் டியர்ஃபண்ட் என்ற கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம் "கார்பன் நோன்பு" என்று ஒன்றைத் தொடங்கியது. லிவர்பூல், லண்டன் ஆங்கிலிக்கன் ஆயர்கள் முன்னால் நின்றார்கள். முதல் நாள் வேலை: வீட்டில் கண்ணில் படும் இடத்தில் உள்ள ஒரு பல்பைக் கழற்றிவிட்டு நாற்பது நாளும் அப்படியே இருப்பது. ஒரு பல்பில் என்ன மிச்சம் ஆகிவிடும்? பெரிதாக ஒன்றுமில்லை. ஆனா இருட்டான அந்த மூலையைப் பார்க்கும்போதெல்லாம் ஞாபகம் வரும்.

நம்ம வீட்டுக்கு ஒரு கணக்குப் போடுவோம். ஏசி மணிக்கு ஒரு யூனிட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவில் இரண்டு மணி நேரம் குறைத்தால் 40 நாளில் 80 யூனிட். நம் நாட்டு மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மொத்தம் 56 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ. ஆக இது 24 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். இன்னொரு பக்கம், தவக்காலத்தின் ஏழு வெள்ளிகளில் வாரம் ஒரு கிலோ கோழியை விட்டால் உலக சராசரிப்படி 70 கிலோ அளவுக்கு வரும். எலும்போடு வாங்கும் நம்ம ஊர்க் கிலோவுக்கு அதைவிடக் குறையும். பதிலுக்குச் சாப்பிடும் பருப்புக்கும் கொஞ்சம் கழிக்க வேண்டும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நிறைதான். கோழியை விட்டவர் ஏசியைத் தொடாமல் இருந்தால் பாதி நோன்புதான் ஆச்சு.

மிச்சம் எங்கே போகிறது?

எந்தச் சிக்கனத்துக்கும் ஒரு எதிரி உண்டு. மிச்சமான பணம். ஏசியைக் குறைத்து மிச்சம் பிடித்த காசில் ஈஸ்டருக்குப் புது போன் வாங்கினால் பூமிக்கு என்ன லாபம்?

இதற்கு ஆதித் திருச்சபையிலேயே ஒரு பதில் இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த "எர்மாவின் மேய்ப்பர்" என்ற நூல் நோன்பு முறையைச் சொல்கிறது: அன்றைக்கு ரொட்டியும் தண்ணீரும் மட்டும் எடுத்துக்கொள், வழக்கமாகச் சாப்பிட்டிருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்று கணக்குப் போடு, அந்தத் தொகையை விதவைக்கோ அனாதைக்கோ கொடு. மிச்சம் வீட்டில் தங்கக் கூடாது என்பதே விதி. மிசோரமில் பிரெஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்துச் சபைக்குக் கொடுக்கிறார்கள். நம் திருநெல்வேலிப் பக்கத்துப் பிடியரிசியும் அதே வழிதான். அந்த ஒரு பிடியால் யாரும் பட்டினி கிடப்பதில்லை. எடுத்தது திரும்பி வருவதும் இல்லை.

யார் நோன்பு இருக்க வேண்டும்?

எளிமையாக வாழுங்கள் என்ற உபதேசத்தில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. கட்டுமரத்தில் போகிறவருக்கும், கூரைக்குக் கீழ் ஒற்றை மின்விசிறியோடு தூங்குகிறவருக்கும் எளிமையை யார் சொல்லிக் கொடுப்பது? அவர்கள் வருஷம் முழுக்க ஒருசந்திதானே.

பழைய விதி இதை மறக்கவில்லை. ஒருசந்தி 18 வயது நிரம்பியவர் முதல் 59 வயது நிரம்பும் வரைதான். நோயாளி, கர்ப்பிணி, கடும் உடலுழைப்பாளி ஆகியோருக்கு விலக்கு. ஆறாம் பவுலும் தன் 1966 ஆவணத்தில் வசதியான நாடுகளில் தன்னொறுத்தலுக்கும், வறிய நாடுகளில் நீதிக்கான அக்கறைக்கும் அழுத்தம் கொடுத்தார். பருவநிலை மாநாடுகளில் "பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்பு" என்று நாடுகள் இத்தனை ஆண்டாக வாதாடுகிறதே, அதன் சாரம் இதுதான். ஏசாயா 58-ம் அதிகாரமும் இதையே கோபமாகச் சொல்கிறது. நோன்பு நாளில் வேலையாளை ஒடுக்கிக்கொண்டே தலை குனிந்து நிற்பது நோன்பாகாது.

அதனால் தனிமனிதரிடம் கேட்பதற்கு முன்னால் கோயில் நிர்வாகத்திடம் கேட்கலாம் என்பது என் எண்ணம். திருவிழாவுக்கு எத்தனை ஃபிளெக்ஸ் பேனர்? சீரியல் செட் எத்தனை இரவு எரிகிறது? அசன விருந்தில் எவ்வளவு சோறு மிஞ்சுகிறது, தண்ணீர் பாட்டிலில் வருகிறதா பானையில் வருகிறதா? ஒரு பங்கு ஒரு முடிவெடுத்தால் ஆயிரம் வீடு தனித்தனியாகப் போராட வேண்டியதில்லை. இங்கிலாந்து ஆய்வு காட்டியதும் அதைத்தான்.

தொடங்கிய கேள்விக்கு என் பதில்: ஆகும், மூன்று நிபந்தனைகளோடு. விட்டதற்குப் பதில் எதை எடுத்தோம் என்று பார்க்கணும். மிச்சமானது கை மாறணும். ஈஸ்டர் திங்கட்கிழமை பழைய இடத்துக்கே முழுசாகத் திரும்பாமல், ஒன்றையாவது கூடவே வைத்துக்கொள்ளணும். நாற்பது நாளில் விட்டது ஐந்து என்றால், ஒன்று நின்றாலும் போதும். அந்த ஒன்றுக்கு வருஷத்தில் 365 நாள் இருக்கிறது.