சாட்சியும் தீர்ப்பும்

நியாய ஸ்தலங்களில் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். சாட்சி யோக்கியனாயிருந்தால் மட்டும் போதாது. எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவனுக்குத் தகுதியுண்டு என்பதையும் கவனிக்க வேண்டும். பத்திரத்தில் கையெழுத்திட்டதை நேரில் கண்டவன் கையெழுத்தைப் பற்றிப் பேசலாம்; எழுதிக்கொடுத்தவனின் உள்நோக்கத்தைப் பற்றி அவன் பேசப் புகுந்தால், எதிர்க்கட்சி வக்கீல் உடனே எழுந்து ஆட்சேபிப்பார். சினைப்பைப் புற்றுநோய்க்கென்று செய்யப்படும் 'சி.ஏ. 125' என்னும் இரத்தப் பரிசோதனையின் நாற்பதாண்டு வரலாறும் இப்படிப்பட்ட ஒரு சாட்சியின் வரலாறே. அந்தச் சாட்சியை, அது அறியாத விஷயத்துக்கெல்லாம் கூண்டில் ஏற்றிப் பணம் பண்ணும் வழக்கம் நம் ஊர்களிலும் வந்துவிட்டபடியால், அவ்வரலாற்றை நேயர்களுக்கு எடுத்துரைப்பது நமது கடமையாகிறது.

இந்நோய் ஓசையின்றி வளருவது. வயிற்று உப்புசம், சிறிது உண்டதும் வயிறு நிறைந்துவிடுதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுதல் இவையே அதன் அறிகுறிகள். இவற்றை அஜீரணமென்று எண்ணி, ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு அடுப்படி வேலையைப் பார்க்கப் போகாத ஸ்திரீ எந்தக் குடும்பத்தில் இருக்கிறாள்? ஆகவே, பெரும்பாலோர் நோய் பரவிய பின்னரே வைத்தியரிடம் வருகிறார்கள். சினைப்பையோடு நிற்கும்போதே கண்டுகொண்டால், பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். தூரத்து உறுப்புகளுக்குப் பரவிய பின் கண்டாலோ, ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கே அந்தப் பாக்கியம் கிட்டுகிறது. இது அமெரிக்க நாட்டுக் கணக்கு. நோயை முன்கூட்டியே காட்டும் ஒரு வழி அகப்படாதா என்று உலகம் ஏங்கியதில் வியப்பில்லை.

1975-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் நகரில் கோலர், மில்ஸ்டீன் என்னும் விஞ்ஞானிகள், ஒரே வகையான எதிர்ப்பொருளை வேண்டிய மட்டும் உற்பத்தி செய்யும் முறையைக் கண்டார்கள். அம்முறையைக் கைக்கொண்டவர்களில் ஒருவர், பாஸ்டன் நகரிலிருந்த டாக்டர் ராபர்ட் பாஸ்ட். சினைப்பைப் புற்றுநோய் அணுக்களை எலிகளுக்குச் செலுத்தி, அவற்றின் உடலில் உண்டாகும் எதிர்ப்பொருள்களை அவரும் டாக்டர் ராபர்ட் நாப் முதலிய சகாக்களும் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். நம்பிக்கை தந்தவற்றின் வரிசையில் 125-ஆவதே பொருத்தமாக அமைந்தது. பெயரிலுள்ள எண்ணின் பொருள் இதுதான். பரிசோதனைக் கூடத்துப் பொறுமைக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ? 1981-இல் இது பிரசுரமாயிற்று.

1983-இல் அவர்கள் வெளியிட்ட முடிவுகள் வைத்திய உலகைத் தட்டி எழுப்பின. நோயுற்ற 101 பெண்களில் 82 சதவிகிதத்தினருக்கு, இரத்தத்தில் அப்பொருள் ஒரு மில்லிலிட்டருக்கு 35 யூனிட்டுக்கு மேல் இருந்தது. ஆரோக்கியமுள்ள 888 பேரில் அவ்வாறிருந்தோர் 1 சதவிகிதமே. நோய் ஏறும்போது அளவு ஏறுவதும் தணியும்போது தணிவதும் பெரும்பாலும் ஒத்திருந்தன. சிகிச்சை பலிக்கிறதா என்று அறியக் கையில் விளக்கில்லாமல் தவித்த வைத்தியர்களுக்கு விளக்கு கிடைத்துவிட்டது.

சாட்சி நல்ல சாட்சிதான். ஆனால் ஜனங்கள் அதனிடம் வேறொரு கேள்வியைக் கேட்கத் தொடங்கினார்கள். 1989-இல் அமெரிக்க நகைச்சுவை நடிகை கில்டா ராட்னர் இந்நோயால் மாண்டார். அவருடைய கணவரும் நடிகருமான ஜீன் வைல்டர் இப்பரிசோதனையைப் பற்றி ஊரறியப் பேசினார். ஆரோக்கியமுள்ள பெண்கள் எல்லோருக்கும் இதைச் செய்துவிட்டால் என்ன என்ற எண்ணம் பரவிற்று.

இங்கேதான் கணக்குப் பார்க்க வேண்டும். மாதவிலக்கு நின்ற பெண்களில் சுமார் 2,500 பேருக்கு ஒருவரிடம் இந்நோய் இருப்பதாக ஆராய்ச்சியாளர் கொள்கின்றனர். 100 பேரில் ஒருவர் மீது வீண் சந்தேகம் விழுமானால், 2,500 பேரில் 25 பேர் மீது விழும். ஒரு நோயாளியைப் பிடிக்க, குற்றமற்ற 25 பேரைக் கூண்டில் நிறுத்த வேண்டும். அந்த ஒரு நோயாளியாவது தப்பாமல் அகப்படுவாளா? நோயின் முதல் நிலையில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அளவு உயர்வதேயில்லை. சந்தேகத்தை முடிவாகத் தீர்ப்பதற்கோ, பெரும்பாலும் அறுவை செய்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. அமெரிக்காவில் 78,216 பெண்களைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு 2011-இல் வெளிவந்தது. ஆண்டுதோறும் சோதிக்கப்பட்ட பிரிவில் இந்நோயால் இறந்தோர் 118 பேர். சோதிக்கப்படாத பிரிவில் 100 பேர். வீண் சந்தேகத்துக்கு ஆளானோர் 3,285 பேர். அவர்களில் 1,080 பேர் அறுவைக்கு உட்பட்டனர். 163 பேருக்கு அதனால் கடுமையான தீங்கு நேர்ந்தது. பிரிட்டனில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்து, 2021-இல் முடிவு சொன்னார்கள். அங்கே இரத்த அளவின் ஏற்றத்தை ஆண்டுக்காண்டு ஒப்பிட்டுப் பார்த்ததில், முதல் நிலையிலேயே அகப்பட்டவர்கள் அதிகமானது உண்மை; ஆயினும் இறப்பு குறையவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிகிச்சை முடிந்து நலமாயிருந்த பெண்களுக்கு அளவு மறுபடியும் ஏறியவுடன் மருந்து கொடுப்பதா, அறிகுறி தோன்றும் வரை காத்திருப்பதா என்று கார்டன் ரஸ்டின் என்பவரும் அவர் சகாக்களும் 529 பேரிடம் சோதித்தார்கள். 2010-இல் வெளியான அந்த முடிவின்படி இருசாராருடைய ஆயுளிலும் வித்தியாசமில்லை. முந்திக்கொண்டவர்கள் மருந்தின் வேதனையைச் சில மாதம் முன்னதாக அனுபவித்ததே மிச்சம்.

தம் பொருளுக்கு மாறான தீர்ப்பையும் வாங்கிப் பதிவு செய்யும் இந்த நேர்மையே விஞ்ஞானத்தின் பெருமை என்போம். டாக்டர் பாஸ்டும் பிறரும் சோர்ந்து உட்காரவில்லை. ஒரு சாட்சி போதாதென்று மேலும் சாட்சிகளைத் தேடினார்கள். 'எச்.இ. 4' என்னும் மற்றோர் அடையாளப் பொருள், சிகிச்சைக்குப் பின் நோயைக் கண்காணிப்பதற்கென 2008-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

நம் நாட்டுப் பெண்களிடையே மார்பு, கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கு அடுத்தபடியாக நிற்பது இந்நோய். அதே நாட்டில் காசநோயும் மலிந்திருக்கிறது. வயிற்றைப் பற்றிய காசநோய், வயிற்றில் நீர் கோக்கச் செய்து, சி.ஏ. 125 அளவையும் உயர்த்தி, புற்றுநோய் போலவே வேஷமிடும். கருப்பை உட்சவ்வு நோய், மாதவிலக்கு, கர்ப்பத்தின் ஆரம்பம் ஆகியவையும் அளவை உயர்த்தும். அப்படியிருக்க, எந்த உபாதையுமில்லாத பெண்களின் 'முழு உடல் பரிசோதனை'ப் பட்டியலில் இதையும் சேர்த்துச் சலுகை விலையில் விற்பது எந்த நியாயம்? அளவு கூடியிருந்தால் அவள் தூக்கம் போயிற்று. குறைந்திருந்தால், பின்னால் தோன்றும் அறிகுறியையும் அலட்சியம் செய்யும் பொய்த் தைரியம் வந்தது.

விற்பவர்கள் இந்த உண்மையைப் பட்டியலிலேயே அச்சிட வேண்டுமென்று சர்க்கார் விதித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நம் சகோதரிகளுக்கு நாம் சொல்வது இது: வயிற்று உபாதை புதிதாகத் தோன்றி, வாரக்கணக்கில் விடாது நிற்குமானால் வைத்தியரிடம் செல்லுங்கள், அங்கே இப்பரிசோதனைக்கு இடமுண்டு. தாயாருக்கோ உடன்பிறந்தாளுக்கோ இந்நோய் வந்திருந்தால், நிபுணரின் யோசனையைத் தனியே கேளுங்கள். மற்றவர்கள் விளம்பரத்தைக் கண்டு கையை நீட்ட வேண்டியதில்லை. சாட்சிக்கு உரிய மதிப்பைச் சாட்சிக்குக் கொடுப்போம். தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை அதன் தலையில் ஏற்ற வேண்டாம்.