அரசூர் வைரஸின் குடும்பம்

ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலில் உறுதியானது அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து அரசூரில், 1987இல், செம்மறி ஆடுகளிடம். கண்ணில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்ளும். சளி காய்ந்து மூக்குத் துவாரம் அடைபடும். ஈறுகளில் தவிடு தூவினாற்போல் படலம் படியும். பிறகு கழிச்சல், மூச்சுத்திணறல், சாவு. மாடுகளைக் கொன்ற வெக்கை நோயும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். ஆடு சாகும்போது வைரஸ் எந்தக் குடும்பம் என்று ஆராய்வது வெட்டிவேலை அல்லவா? அல்ல. என்ன ஊசி, எத்தனை முறை, நோயை ஒழிக்க முடியுமா என்பதற்கெல்லாம் விடை அங்கேதான் தொடங்குகிறது.

இந்த வைரஸ் பாராமிக்சோவிரிடே குடும்பத்தில் மார்பில்லி பேரினத்தைச் சேர்ந்தது. மனிதரின் தட்டம்மை, நாய்களின் டிஸ்டெம்பர், வெக்கை நோய் ஆகியவற்றின் வைரஸ்கள் இதன் பங்காளிகள். எல்லாவற்றுக்கும் கொழுப்புறை உண்டு. உள்ளே ஆறு மரபணுக்கள் கொண்ட ஒற்றை ஆர்.என்.ஏ. இழை. அந்த இழையைச் செல்லால் நேரடியாகப் படிக்க முடியாது. வைரஸ் உடன் கொண்டுவரும் நொதிதான் அதைப் படியெடுத்துத் தரவேண்டும். கோமாரியும் ஆர்.என்.ஏ. வைரஸ்தான், ஆனால் பிகோர்னா குடும்பம். அதில் ஏழு ரகங்கள். ஒன்றுக்குப் போட்ட ஊசி இன்னொன்றைத் தடுக்காது. ஊசியின் காப்பும் நெடுநாள் நீடிப்பதில்லை. ஆறு மாதத்துக்கொருமுறை மாட்டுக்கு ஊசி போடுவது அதனால்தான். ஆட்டுக்கொல்லிக்கோ ஊசியைப் பொறுத்தவரை ஒரே ரகம். ஒருமுறை போட்டால் மூன்றாண்டு தாங்கும்.

பங்காளி உறவு இவ்வளவு நெருக்கமென்றால் வெக்கை நோய் ஊசியையே ஆட்டுக்கும் போடலாமே என்று கேட்கலாம். போட்டார்கள், பலனும் கிடைத்தது. ஆனால் வெக்கையை ஒழிக்கும் முயற்சி இறுதிக்கட்டத்துக்கு வந்தபோது, ஆட்டின் ரத்தத்தில் தெரியும் எதிர்ப்புப் பொருள் ஊசியால் வந்ததா, ஒளிந்திருக்கும் நோயால் வந்ததா என்று பிரித்தறிய முடியவில்லை. அந்த ஊசியை ஆடுகளுக்கு நிறுத்திவிட்டுத் தனி ஊசி தேட வேண்டியதாயிற்று. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அரசூர் வைரஸைக் கொண்டே ஒன்றை உருவாக்கியது.

2011இல் வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆட்டுக்கொல்லிக்கு வைத்த இலக்கு 2030. மாட்டைப்போல் அல்ல, ஆடு வேகமாகக் குட்டி போடும், எதிர்ப்பில்லாத குட்டிகள் மந்தையில் சேர்ந்துகொண்டே இருக்கும் என்ற ஆட்சேபம் சரியானதே. ஆயினும் அது ஊசி போடும் வேகத்தைப் பற்றிய சிக்கல். வைரஸின் இயல்பு ஒழிப்புக்குத் தடையாக நிற்கவில்லை. நான்கு மாதம் நிரம்பிய குட்டிகளை ஆண்டுதோறும் விடாமல் பிடித்து ஊசி போட்டால் வெக்கையின் வழியில் இதையும் அனுப்பலாம்.