கணக்கில் வராத பார்வையாளர்கள்

ஜப்பானிய அசைவூட்டப் படங்களும் தொடர்களும் 'அனிமே' என்ற பெயரில் இன்று உலகெங்கும் பார்க்கப்படுகின்றன. அவற்றின் வரலாற்றை இயக்குநர்களையும் ஓவியர்களையும் மட்டும் கொண்டு எழுதினால் முக்கியமான ஒரு தரப்பு விடுபட்டுப்போகும். தோல்வி என்று முடிவுகட்டப்பட்ட தொடர்களுக்கு உயிர் கொடுத்தவர்களும், பின்னாளில் தாமே படைப்பாளிகளாக எழுந்தவர்களும் அவற்றின் ரசிகர்களே. 1979-ல் வெளிவந்த 'மொபைல் சூட் கன்டாம்' என்னும் தொடருக்கு நேர்ந்தது இதற்குத் தெளிவான சான்று.

யோஷியுகி டொமினோ இயக்க, நிப்பான் சன்ரைஸ் நிறுவனம் தயாரித்த அத்தொடர், 1979 ஏப்ரல் 7 முதல் சனிக்கிழமை மாலைகளில் ஒளிபரப்பானது. அக்காலத்து ரோபோ தொடர்களுக்குப் பெரும்பாலும் பொம்மை நிறுவனங்களே பணம் போட்டன. வாரந்தோறும் ஒரு தீய இயந்திரம் வர, நாயகனின் இயந்திரம் அதை வீழ்த்த, பார்த்த சிறுவர்கள் மறுநாள் கடைக்குப் போய்ப் பொம்மை கேட்க வேண்டும் என்பதே அவற்றின் எதிர்பார்ப்பு. கன்டாம் இந்த வாய்பாட்டுக்கு ஒத்துவரவில்லை. பார்வையாளர் எண்ணிக்கை குறைவாக இருந்தது, பொம்மைகளும் நினைத்தபடி விற்கவில்லை. 52 பகுதிகளுக்குத் திட்டமிடப்பட்ட தொடர் 43 பகுதிகளோடு 1980 ஜனவரி 26-ல் முடித்துவைக்கப்பட்டது. ஆனால் பொம்மை விற்பனைக் கணக்கில் இடம்பெறாத ஒரு கூட்டம் அத்தொடரை வாரந்தவறாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் உயர்நிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் படித்தவர்கள். அவர்களில் பெண்கள் கணிசமாக இருந்தார்கள் என்பது இன்று பலரும் மறந்துவிட்ட செய்தி.

அந்த இளைஞர்களைப் பிடித்து நிறுத்தியவை இயந்திரங்கள் அல்ல, மனிதர்கள். பூமிக் கூட்டமைப்புக்கும், விண்வெளிக் குடியிருப்புகளில் உருவான ஜியோன் நாட்டுக்கும் இடையே நடக்கும் போரில், அமுரோ ரே என்னும் 15 வயதுச் சிறுவன் தற்செயலாகக் கன்டாம் என்ற போர் இயந்திரத்தில் ஏறி, பிறகு இறங்க வழியில்லாமல் போராளியாகிறான். 13-ஆம் பகுதியில் அவன் நெடுநாள் பிரிந்திருந்த தாயைச் சந்திக்கிறான். அகதி முகாமைச் சோதனையிட வரும் ஜியோன் வீரர்களுக்கு அஞ்சி, நோயாளிபோலப் போர்வைக்குள் படுத்திருக்கும் அவன், அகப்பட்டுவிடுவோம் என்ற கணத்தில் ஒரு வீரனைச் சுட்டுவிடுகிறான். தன்னைக் காத்த மகனைத் தழுவிக்கொள்ள அந்தத் தாய்க்குக் கை வரவில்லை. தன் பிள்ளையா இப்படி ஆனான் என்று அவள் கலங்கி நிற்கிறாள். அந்தப் பகுதியின் முடிவில் அமுரோ அவளுக்கு ஒரு படைவீரனுக்குரிய முறையில் சல்யூட் வைத்து விடைபெறுகிறான். சிறுவர்களுக்கான மாலை நேர நிகழ்ச்சி ஒன்றில் தாய்க்கும் மகனுக்கும் நடுவே போர் வந்து நிற்பதை இத்தனை சிக்கனமாகக் காட்டியதுதான் டொமினோவின் பெரும் சாதனை.

எதிர்த்தரப்பில் முகமூடி அணிந்து சிவப்பு இயந்திரத்தில் வரும் ஷார் அஸ்னபிளும் வெறும் வில்லன் அல்லன். தன் தந்தையின் சாவுக்குக் காரணமான ஸாபி குடும்பத்தைப் பழிவாங்கவே ஜியோன் படையில் சேர்ந்தவன் அவன். அக்குடும்பத்தின் இளைய மகனும் தன்னை நண்பன் என்று நம்பியவனுமான கார்மாவைச் சூழ்ச்சியால் சாவுக்கு அனுப்புகிறான். இறந்தவனுக்காகப் பார்ப்பவர் இரங்கவும், கொன்றவனை விட்டுப் பார்வையை எடுக்க முடியாமல் தவிக்கவும் வைக்கும் இந்த எழுத்துதான் ரசிகர்களை நடந்தது சரியா, தவறா என்று விவாதிக்க வைத்தது.

தொடர் முடிந்த பின்னரே அந்த விவாதம் வலுத்தது. 1978-ல் தொடங்கப்பட்ட 'அனிமேஜ்' போன்ற இதழ்கள் அதற்கு இடம் கொடுத்தன. மறு ஒளிபரப்புகள் புதிய பார்வையாளர்களைச் சேர்த்தன. 1980 ஜூலையில் பன்டாய் நிறுவனம் 300 யென் விலையில் கன்டாமின் பிளாஸ்டிக் மாதிரியை விற்கத் தொடங்கிய பிறகு, கடைகளில் வரிசை நின்றது. பெட்டிக்குள் இருந்தவை சட்டத்தோடு ஒட்டிய, பெரும்பாலும் ஒரே நிறத்தில் வார்த்த துண்டுகள். அவற்றை வெட்டி எடுத்து, பசையால் ஒட்டி, இணைப்புகளை உப்புத்தாளால் தேய்த்து, வண்ணம் பூசினால்தான் திரையில் பார்த்த உருவம் கைக்கு வரும். ஆயத்தப் பொம்மை தராத ஈடுபாட்டை இந்த வேலை தந்தது.

கதையின் இடைவெளிகளையும் ரசிகர்கள் இதே பொறுமையோடு நிரப்பினார்கள். விண்வெளியில் போரிடும் ஓர் இயந்திரத்துக்குக் கை கால்கள் எதற்கு என்ற கேள்விக்குத் தொடரில் விடை இல்லை. 1981-ல் வெளிவந்த 'கன்டாம் சென்சுரி' என்ற நூல், எடையற்ற வெளியில் கைகால்களை வீசினால் எதிர்விசையால் உடல் திரும்பும், அதனால் எரிபொருள் மிச்சமாகும் என்று விளக்கி, அந்த முறைக்கு 'ஆம்பாக்' என்று பெயரும் சூட்டியது. ஆர்வலர்களின் இந்தக் கற்பனை பின்னர் அதிகாரபூர்வக் கன்டாம் உலகின் விதியாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது. படைப்புக்குச் செய்யக்கூடிய மரியாதைகளில் இதைவிடப் பெரியது அரிது.

தொடர் திரைப்படமாகத் தொகுக்கப்பட்டு 1981 மார்ச்சில் வெளியாகவிருந்த நிலையில், பிப்ரவரி 22 அன்று டோக்கியோவின் ஷின்ஜுகு ரயில் நிலையத்தின் கிழக்கு வாயிலில் 'அனிமே புதுயுகப் பிரகடனம்' என்ற கூட்டம் நடந்தது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் திரண்டு நெரிசல் உண்டாகவே, டொமினோ மேடையிலிருந்து அவர்களை அமைதிப்படுத்த வேண்டியிருந்தது. அனிமே குழந்தைகளுக்கு மட்டும் உரியதல்ல என்று கூறுவதற்கு அன்று வேறு வாதம் தேவைப்படவில்லை.

இந்த ரசிக மரபுக்கு நிலையான களமாக அமைந்தது 'காமிக்கெட்' என்னும் சந்தை. 1975 டிசம்பரில் டோக்கியோவில் 32 குழுக்களோடு சிறிய அளவில் தொடங்கிய அது, இன்று ஆண்டுக்கு இருமுறை டோக்கியோ பிக் சைட் கண்காட்சி வளாகத்தை நிரப்புகிறது. அங்கே விற்பவற்றில் பெரும்பகுதி 'டோஜின்ஷி', அதாவது ரசிகர்கள் தம் செலவில் எழுதி, வரைந்து, அச்சிடும் நூல்கள். விருப்பமான பாத்திரங்களை எடுத்துக்கொண்டு, கதை வேறு விதமாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்கும் நூல்கள் அவற்றில் ஏராளம். சட்டப்படி உரிமையாளர் தடுக்கலாம் என்றாலும், ஜப்பானியப் பதிப்பாளர்கள் இதைப் பெரும்பாலும் பொறுத்துப்போகிறார்கள், அது அறிவான பொறுமை.

1960-ல் பிறந்த ஹிடெயாகி அன்னோ இந்தத் தலைமுறையில் வளர்ந்தவர். ஷாரை மையமாகக் கொண்டு டொமினோ 1988-ல் இயக்கிய கன்டாம் திரைப்படத்தின் வடிவமைப்பில் பங்கேற்ற அவர், பிறகு ஓர் இயக்குநராக அறியப்பட்டிருந்த காலத்திலேயே, 1993-ல், அப்படத்தைப் பற்றித் துறை நண்பர்களிடம் கேட்டறிந்து ஒரு டோஜின்ஷி தொகுத்தார். 1995-ல் அவருடைய 'இவாஞ்சலியன்' தொடர் வந்து அனிமேயின் போக்கையே மாற்றியது. 2025-ல் கஸுயா சுருமாகி இயக்கிய 'கன்டாம் ஜிகுவாக்ஸ்' தொடரின் எழுத்தாளர்களில் ஒருவராக அன்னோ கன்டாமுக்குத் திரும்பினார். அதில் கன்டாம் என்ற அந்த வெள்ளை இயந்திரத்தில் முதலில் ஏறுபவன் அமுரோ அல்லன், ஷார், எனவே போரில் ஜியோன் வென்றுவிடுகிறது.