ஈழத்தலரித் தண்டு தளிர்க்கும் வகை

பெயரே பிறப்பை மறைத்துவிட்ட மரங்கள் சில உள. தமிழில் ஈழத்தலரி என்றும் மலையாளத்தில் ஈழச்செம்பகம் என்றும் வழங்கப்பெறும் மரம் அவற்றுள் ஒன்று. ஈழத்தின் பெயரைத் தாங்கி நிற்பினும் அதன் தாயகம் மெக்சிக்கோவும் நடு அமெரிக்காவும் கரிபியன் தீவுகளுமேயாம். பிரான்சிய தாவரவியலறிஞரும் துறவியுமான சார்ல் புளூமியே (1646–1704) என்பாரின் நினைவாக இவ்வினம் புளூமேரியா எனப் பெயர் பெற்றது. கடல் கடந்து வந்த இம்மரம் இன்று சிங்களவர்க்கு அரலிய ஆகி விகாரை முற்றங்களிலும், தமிழர்க்கு வழிபாட்டு மலராகிக் கோயில் வீதிகளிலும் நிற்கின்றது.

சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தேயிலைக்கும் இறப்பருக்கும் இடையே அமைந்த லயன்களின் வாசல்களிலும் இதனைக் காணலாம். ஆங்கு மண்ணிற் பதிக்க இடமில்லாதோர் ஒரு கிளையை முறித்துச் சாடியில் நட்டு, தளிர் வருமென்று காத்திருப்பர். பலவேளைகளில் தளிர் வாராது. தண்டு அடியில் அழுகிச் சாய்ந்துவிடும். இதற்குக் காரணம் கவனக்குறைவன்று. கவன மிகுதியே என்பதுதான் வியப்பிற்குரியது.

தேயிலை நாற்றுமேடையில் வேலை செய்து பழகிய கைகள், தண்டுத்துண்டம் எதுவாயினும் அதே முறையிற் பேணுதல் இயல்பு. தேயிலைத் துண்டம் ஓர் இலையையும் ஒரு கணுவையும் உடைய மெல்லிய துண்டு. அவ்விலை வாடிவிடின் துண்டமும் மடியும். ஆதலின் அதற்கு நிழலும் இடையறாத ஈரமும் இன்றியமையாதன. ஈழத்தலரியின் நிலையோ இதற்கு நேர்மாறானது. அதன் தண்டு பருத்தது, இலையற்றது, நீரையும் மாப்பொருளையும் தன்னுள்ளே சேமித்து வைத்திருப்பது. அது மண்ணின்றியே பல வாரங்கள் உயிர் தாங்கவல்லது. உள்ளே நீர் நிறைந்த ஒன்றிற்கு வெளியிலிருந்தும் நீரை வார்த்தல் நன்மை பயவாது.

வேர் தோன்றும் வகையை அறிந்தால் இவ்வுண்மை தெளிவாகும். கிளையை வெட்டியவுடன் வெண்பால் ஒழுகும். பின்னர் வெட்டுவாய் உலர்ந்து, காயத்தை மூடும் புதிய இழையம் உண்டாகின்றது. நுனிமொட்டில் உருவாகும் ஓட்சின் என்னும் வளர்ச்சிப் பதார்த்தம் கீழ்நோக்கிச் சென்று அடியில் திரள்கின்றது. அதன் தூண்டுதலால் மாறிழையத்தை அடுத்த பகுதியில் வேர் முனைகள் அரும்புகின்றன. இம்முனைகளுக்கு ஒட்சிசன் வேண்டும். நீர் தேங்கிய மண்ணில் காற்றுக்கு இடமில்லை. ஆறாத காயத்தினூடே பங்கசுக்கள் நுழைதற்கோ அங்கு வழி உண்டு. அழுகல் இவ்வாறே தொடங்குகின்றது.

ஆகவே செய்யத்தக்கன யாவை? முதலாவதாக, பசிய இளங்கிளையை விடுத்து, சாம்பல் நிறம் எய்திய முதிர்கிளையில் ஓரடி முதல் ஒன்றரை அடி வரை நீளமுள்ள துண்டத்தை எடுத்தல் வேண்டும். இதன் பால் தோலையும் கண்ணையும் உறுத்துமாதலின் கைகளைக் கழுவிக்கொள்ளுதல் நன்று. துண்டத்தை மழைபடாத நிழலில் ஒன்று அல்லது இரண்டு வாரம் உலரவிடுதல் வேண்டும். அடியில் துளையுள்ள சாடியில், பருமணல் பாதியும் மக்கிய எருவும் உடைந்த செங்கற்றூளும் மீதியுமாகக் கலந்து நிரப்பி, மூன்று அல்லது நான்கு அங்குல ஆழத்தில் தண்டை நடலாம். அஃது அசையாதபடி ஒரு குச்சியோடு கட்டுதல் அவசியம். அசைவு, அரும்பும் வேரை அறுத்துவிடும். நட்டபோது ஒருமுறை நீர் வார்த்தபின், மண் நன்கு உலர்ந்தாலன்றி மீண்டும் வார்த்தலாகாது.

காலமும் கருதத்தக்கது. இரத்தினபுரியில் ஆண்டு மழை 3,500 மில்லிமீற்றருக்கும் மிகுதியானது. வெப்பம் ஆண்டு முழுவதும் இம்மரத்திற்கு ஏற்றதாகவே உள்ளது. இடையூறாவது மழை ஒன்றே. மே மாதத்திற் கிளரும் தென்மேல் பருவமழைக்கு முன்னரே வேர் ஊன்றியிருத்தல் நலம். எனவே மழை குறைந்த சனவரி, பெப்ரவரி மாதங்களே நடுதற்கு உகந்தவை. பிற மாதங்களில் நட நேரின், சாடியை இறவாணத்தின் கீழ், வெயில் படும் ஆயின் சொட்டுநீர் விழாத இடத்தில் வைத்தல் வேண்டும். சாடியில் உள்ளதன் சிறப்பு, அதனை வேண்டியவாறு நகர்த்தலாம் என்பதே.

சில வாரங்களில் நுனியில் தளிர் காணப்படும். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். முதற்றளிர் வேர் உண்மைக்குச் சான்றன்று. தண்டிலுள்ள சேமிப்பைக் கொண்டே அது விரியக்கூடும். அதனைக் கண்டு மகிழ்ந்து நீரையும் உரத்தையும் சொரிந்தால் தண்டு அழுகும். தளிர் முழு இலைகளாகி, வாடாது நிலைத்து, மேலும் இலைகள் தொடருமாயின் வேர் பிடித்ததெனக் கொள்ளலாம். அதன்பின்னரே நீரைச் சிறிது சிறிதாகக் கூட்டவும் மென்மையான உரம் இடவும் தகும். நைதரசன் மிகுந்த உரம் இலையைப் பெருக்கிப் பூவைக் குறைக்கும். வேரைப் பார்க்கும் ஆவலாற் பிடுங்கிப் பார்த்தல் அறவே தவிர்க்கத்தக்கது.

தண்டின் தோல் சற்றே சுருங்குதல் அச்சத்திற்குரியதன்று. அழுத்தினால் உறுதியாக இருப்பின் உயிர் உண்டு. அடி மென்மையாகிக் கருத்தால் மட்டும், வெண்ணிற உட்பகுதி தெரியுமளவும் வெட்டி நீக்கி, மீண்டும் உலர்த்தி நடலாம். ஒருமுறை தோற்றதனாலேயே அத்தண்டு இறந்ததாகாது.

தோட்டமக்களின் வரலாற்றோடு இச்சிறு சாடி பொருந்தி நிற்கின்றது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 1964 ஆம் ஆண்டின் இலங்கை–இந்திய உடன்படிக்கையால் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்ட அம்மக்களுள் எஞ்சியோர்க்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமைக்கு வழிசெய்தது. காணியுரிமையோ இன்றும் பலருக்குக் கிட்டவில்லை. நிலமில்லாதோரின் தோட்டம் சாடியே. பிறிதொரு கண்டத்திற் பிறந்து, வேரின்றி வந்து, ஈழத்தின் பெயரையே தனதாக்கிக்கொண்ட மரம் அவர்தம் வாசலிற் றளிர்ப்பதற்கு வேண்டுவன சிலவே: உலர்ந்த காயம், காற்றோட்டமுள்ள மண், வெயில், காலம். இவற்றுட் கடைசியானதைக் கொடுத்தலே எல்லாவற்றினும் அரியது.