சங்கிலி தப்பியது!

திருக்கழுக்குன்றம் என்றதும் நமக்கு நினைவு வருவது கழுகுகள்தாம். உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் மலைமீது வந்து இறங்கி, சர்க்கரைப் பொங்கல் உண்டுவிட்டுப் பறந்துபோன காட்சியை நேரில் கண்ட பெரியவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பல ஆண்டுகளாக அவை வருவதில்லை. வேதகிரீசுவரரைத் தரிசிக்கப் படியேறுகிறவர்கள் மட்டும் பழக்க தோஷத்தால் வானத்தை ஒரு முறை அண்ணாந்து பார்த்துக்கொள்கிறார்கள்.

சென்ற மாதம் நான் அந்த ஊருக்குப் போனது கழுகைப் பார்ப்பதற்காக அல்ல. மலை ஏறுவதற்காகவும் அல்ல. ஒரு சங்கிலியைக் காப்பாற்றப் போனேன்!

சங்கு தீர்த்தக் குளத்துக்குப் பக்கத்தில் என் தமக்கை குடியிருக்கிறாள். அவளுடைய ஒரே மகன் கல்லூரியில் படிக்கிறான். மிச்ச நேரத்தில் எலெக்ட்ரிக் கிதார் வாசிக்கிறான். (மிச்ச நேரத்தில்தான் படிக்கிறான் என்பது அவன் தகப்பனாரின் கட்சி.) ஒரு நாள் இரவு அக்காவிடமிருந்து டெலிபோன் வந்தது.

"தம்பி, உன் மருமான் நாற்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு பெட்டி வாங்கணும்கிறான். ஆம்ப்ளிஃபயராம். அது இல்லாம கிதார்ல நல்ல சத்தமே வராதாம். என் சங்கிலியை வெச்சு வாங்கிக் கொடுத்துடலாமான்னு பார்க்கறேன். நீ ஒரு தடவை வந்து கேட்டுட்டுச் சொல்லேன்."

கல்லூரி நாட்களில் நானும் மெல்லிசைக் குழு ஒன்றில் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றவன். அந்தப் பாவத்துக்கு இது பரிகாரம் போலும்! புறப்படுமுன், ஒலிப்பதிவுத் தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் ஆறு வரி எழுதிக் கொடுத்தார். "பெட்டி வாங்குவதற்கு முன்னால் இந்த ஆறையும் பார்க்கச் சொல்" என்றார். சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு செங்கற்பட்டில் பஸ் ஏறினேன்.

வீட்டு வாசலை மிதிக்கும்போதே அந்தச் சத்தம் காதில் விழுந்தது. ஆயிரம் வண்டுகளைத் தகர டப்பாவில் அடைத்துக் குலுக்கினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

"கேட்டீங்களா மாமா? எல்லாம் இந்த இலவச சாப்ட்வேர் பண்ற வேலை. 'ரா டோன்' வரவே மாட்டேங்குது" என்றான் பையன், லேப்டாப்பைக் காட்டி.

'ரா டோன்' என்றால் என்ன? சமைக்காத, ஜோடனை செய்யாத பச்சைக் குரல் என்று வைத்துக்கொள்ளலாம். குளத்தில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பிறக்கிறதென்று ஊரார் போற்றும் சங்கை எடுத்து ஊதினால் எப்படி ஒலிக்கும்? அதில் இனிப்பு இல்லை, மெருகு இல்லை. ஆனால் ஊதுகிறவரின் மூச்சு அப்படியே நம் நெஞ்சில் வந்து மோதும். கிதார்க்காரர்கள் தேடுவதும் அதைத்தான்: விரல் தந்தியில் பட்ட அந்த க்ஷணம் அப்படியே கேட்கவேண்டும்.

எலெக்ட்ரிக் கிதாரின் உலோகத் தந்திகளுக்கு அடியில் காந்தம் இருக்கிறது. அதைச் சுற்றி, தலைமயிர் போன்ற செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுக்கள் சுற்றியிருப்பார்கள். தந்தி அதிர்ந்தால் அந்தக் கம்பியில் மிக மெலிந்த மின்சாரம் பிறக்கிறது. ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்குகிறது. ஆனால் கல்யாணப் பந்தல் ஒலிபெருக்கியைப் போல் வந்ததை அப்படியே பெரிதாக்கி அனுப்புவதல்ல அதன் வேலை. தன் நிறத்தையும் சேர்த்தே அனுப்பும். தாத்தா வீட்டு ரேடியோவில் செந்தணலாக மினுங்கிய வால்வுகளைப் பார்த்திருப்பீர்கள். அதே ஜாதி வால்வுகளைத் தாங்கும் சக்திக்கு மேல் விரட்டினால், ஒலி அலையின் சிகரங்கள் மழுங்கிப்போய்ப் புதிய உபநாதங்கள் முளைக்கும். அதுதான் அந்தக் கரகரப்பு.

இந்தக் கரகரப்பு முதலில் ஒரு கோளாறாகத்தான் கருதப்பட்டது என்பதுதான் வேடிக்கை. லண்டனில் 'கிங்க்ஸ்' என்ற குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ் என்ற இளைஞர், தம் சிறிய ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் காகிதத்தை சவர பிளேடால் கீறிவிட்டார். கிழிந்த ஸ்பீக்கர் உறுமியது! அந்த உறுமலோடு 1964-ல் வந்த இசைத்தட்டு இங்கிலாந்தில் முதலிடத்தைப் பிடித்தது. நாற்பதாயிரம் ரூபாய்ப் பெட்டியால் வந்த புகழ் அல்ல. ஒரு பிளேடால் வந்த புகழ்!

நம் ஊர்க் கதை இதற்கு நேர் எதிர். ஆந்திர தேசத்துப் பாலக்கொல்லுவில் 1969-ல் பிறந்து, சிறு பையனாகவே சென்னை சபாக்களை மயக்கிய மாண்டலின் சீனிவாஸை மறக்க முடியுமா? சாதாரண மாண்டலினில் மீட்டிய நாதம் சட்டென்று அடங்கிவிடும். கமகம் பிடிப்பதற்குள் ஸ்வரம் காணாமற்போய்விடும். அவர் மின்சார மாண்டலினை எடுத்துக்கொண்டார். நான்கு ஜோடித் தந்திகளுக்குப் பதிலாக ஐந்து ஒற்றைத் தந்திகளைப் பூட்டினார். மின்சாரத்தால் நாதம் நீடித்தது. நீடித்த நாதத்தில் விரல் பேசியது. 2014-ல் நாற்பத்தைந்தே வயதில் அவர் மறைந்தபோது, அது மேல்நாட்டு வாத்தியம் என்பதே பலருக்கு மறந்து போயிருந்தது.

ஒருவர் மின்சாரத்தை உறுமுவதற்குப் பயன்படுத்தினார். ஒருவர் கமகத்துக்குப் பயன்படுத்தினார். இரண்டிலும் கேட்டது என்னவோ வாசித்தவரின் கைதான்.

சரி, லேப்டாப் விஷயத்துக்கு வருவோம். ஆம்ப்ளிஃபயரைப் போல நடிக்கும் சாப்ட்வேர்கள் இன்று பல இருக்கின்றன; காசில்லாமலே கிடைக்கின்றன. 'கிதாரிக்ஸ்' என்ற ஒன்று லினக்ஸ்காரர்களிடையே பிரசித்தம். 'நியூரல் ஆம்ப் மாடலர்' என்பது மற்றொன்று. ஸ்டீவன் அட்கின்சன் என்பவர் ஆக்கி, எல்லோருக்கும் இலவசமாக விட்டிருக்கிறார். உண்மையான ஆம்ப்ளிஃபயர் ஒன்றுக்குள் சில நிமிஷ நேரம் ஒரு சோதனை ஒலியைச் செலுத்தி, உள்ளே போனது என்ன, வெளியே வந்தது என்ன என்று கம்ப்யூட்டருக்குக் காட்டுவார்கள். வித்தியாசத்தைக் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு அந்தப் பெட்டியைப் போலவே பேசத் தொடங்கிவிடும். இப்படிப் பிடித்த பிம்பங்களை உலகெங்கும் உள்ள கிதார் பிரியர்கள் ஒருவருக்கொருவர் தானமாக வழங்கிக்கொள்கிறார்கள். நம் பையன் வைத்திருந்ததும் இதைத்தான்.

சீட்டை எடுத்தேன். பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நீங்க பெட்டி வாங்க வேணாம்னு சொல்லத்தானே வந்திருக்கீங்க?"

"ஒரு மணி நேரம் பொறு. அப்புறமும் வண்டு கத்தினால், நானே அடகுக் கடைக்குப் போகிறேன்" என்றேன். அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

முதல் வரி: 'நுழைவாயில்.' கிதாரை லேப்டாப்பின் மைக் துவாரத்தில் நேராகச் செருகினால் குரல் மங்கிவிடும். நடுவில் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சிறு பெட்டி வேண்டும். பையன் அதைச் சிநேகிதனிடம் இரவல் வாங்கியிருந்தான். ஆனால் அதில் 'இன்ஸ்ட்ருமென்ட்' என்ற பொத்தானை அமுக்கவே இல்லை! அமுக்கியதும் மங்கல் விலகியது. பலமாக மீட்டியபோதெல்லாம் சிவப்பு விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டரின் உச்ச வரம்பைத் தாண்டிய ஒலி வெட்டுப்பட்டுப் போகிறது என்பதற்கு அது அடையாளம். வால்வு மழுங்கடிப்பது அழகு. இது வெறும் வெட்டு. ஓங்கி அடித்தாலும் உச்சத்துக்குச் சுமார் 12 டெசிபல் கீழேயே நிற்கும்படி குமிழைக் குறைத்தோம்.

இரண்டாவது வரி: 'தாமதம்.' மீட்டிய பிறகு ஒலி வரச் சற்று நேரமாகிறது என்று பையன் குறைப்பட்டான். கம்ப்யூட்டர் ஒலியைச் சிறு சிறு மூட்டைகளாகக் கட்டிச் சுமக்கிறது. மூட்டைக்கு 1,024 மாதிரிகள் என்று வைத்திருந்தான். விநாடிக்கு 48,000 மாதிரி என்ற கணக்கில், ஒரு மூட்டை கட்டவே 21 மில்லி விநாடி ஆகும்; ஏழு மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரைக் கேட்பதற்குச் சமம். 128 ஆகக் குறைத்தோம். மூட்டை கட்டும் நேரம் மூன்று மில்லி விநாடிக்கும் கீழே இறங்கியது. ஸ்பீக்கர் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது!

மூன்றாவது வரி: 'சங்கிலியைக் கழற்று.' என் தமக்கை திடுக்கிட்டுக் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இது வேறு சங்கிலி. எதிரொலி, முழக்கம், இன்னும் என்னென்னவோ அலங்காரங்களைப் பையன் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வைத்திருந்தான். அதற்கும் 'செயின்' என்றுதான் பெயர். ஒவ்வொன்றாக அணைக்கச் சொன்னேன். ஒன்பது அலங்காரங்கள் போயின. அறை திடீரென்று காலியானது போல் இருந்தது.

நான்காவது வரி: 'ஸ்பீக்கர் எங்கே?' இங்கேதான் வண்டு அகப்பட்டது! கிதார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கூர்மையான ஒலிகளை வெகுவாக அடக்கிவிடும். ஆம்ப்ளிஃபயரின் கரகரப்பை அது இல்லாமல் கேட்டால் காது கிழியும். பையன் ஆம்ப்ளிஃபயரின் பிம்பத்தை மட்டும் போட்டுக்கொண்டு, ஸ்பீக்கரை விட்டுவிட்டான். 'இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்' என்ற பெயரில் ஸ்பீக்கர் பெட்டிகளின் பிம்பங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றைச் சேர்த்ததும் வண்டுகள் மாயம்! ஆனால் ஒன்றுதான் சேர்க்க வேண்டும். சில பிம்பங்களில் ஸ்பீக்கரும் ஏற்கெனவே அடங்கியிருக்கும். அதன்மேல் இன்னொன்றைப் போட்டால் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல் ஆகிவிடும்.

ஐந்தாவது வரி: 'பாதியாக்கு.' கரகரப்பைக் கூட்டும் குமிழைப் பையன் முக்கால் பங்குக்கு மேல் திருப்பி வைத்திருந்தான். கரகரப்பு அதிகமானால் மெல்ல மீட்டினாலும் ஓங்கி மீட்டினாலும் ஒரே சத்தம்தான். விரலின் பேச்சு எடுபடாது. பாதியாகக் குறைத்தோம், பிறகு இன்னும் கொஞ்சம். மெல்ல மீட்டினால் தெளிவு, ஓங்கினால் உறுமல் என்று கிதார் பேச ஆரம்பித்தது.

"முன்னாடி இருந்ததுதான் நல்லா இருந்தது மாமா" என்றான் பையன்.

"முன்னாடி இருந்தது சத்தமாக இருந்தது" என்றேன். இரண்டையும் ஒரே அளவு உரக்க வைத்துக் கேட்கச் சொன்னேன். உரக்க ஒலிப்பது நன்றாக ஒலிப்பதாகத் தோன்றுவது மனிதக் காதின் பலவீனம். கேட்டான். பதில் சொல்லவில்லை. குமிழை அவனாகவே இன்னும் கொஞ்சம் குறைத்தான்!

ஆறாவது வரியில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது: 'கை.'

தந்திகளைப் பார்த்தேன், துருவேறிக் கிடந்தன. சுருதி சேர்த்து நாளாகியிருந்தது. துருவை எந்தச் சாப்ட்வேரும் துடைக்காது. சுருதி கூட்டிக்கொண்டு, அவனுக்கு நன்றாகப் பாடமான ஒரு சிறு பகுதியை வாசிக்கச் சொன்னேன். அலங்காரங்கள் இல்லாததால் ஒவ்வொரு பிசகும் அப்பட்டமாகக் கேட்டது. நான்கு தடவை நிறுத்தினான். ஐந்தாவது தடவை முழுவதும் வாசித்தான். தந்தியை இழுக்கும்போது விரல் எங்கே அழுந்துகிறது, எங்கே தளர்கிறது என்பதெல்லாம் காதில் விழுந்தது. அவனுக்கே ஆச்சரியம். மாதக்கணக்காகத் தேடிய பச்சைக் குரல் அவன் விரலிலேயே இருந்திருக்கிறது. ஒன்பது போர்வைகளுக்கு அடியில்!

அக்கா கரண்டியும் கையுமாக நிலைப்படியில் நின்றாள்.

"இப்பதாண்டா நீ வாசிக்கறது கேக்குது. இத்தனை நாளா மிஷின்தான் கத்திக்கிட்டிருந்தது" என்றாள்.

சங்கீதம் தெரியாதவள் சொன்ன விமரிசனம்தான். ஆனால் என் நண்பரின் ஆறு வரியும் அதற்குள் அடக்கம்.

நியாயத்தையும் சொல்லிவிடவேண்டும். நிஜமான பெட்டி ஒன்று அறை அதிர முழங்கும்போது, அந்தக் காற்று கிதார்த் தந்தியில் மோதி அதையும் நடுங்க வைக்கும். ஹெட்போனில் அந்த அனுபவம் கிடைக்காது. நாளைக்கே பையன் மேடையேறினால் பெட்டி தேவைப்படலாம். அப்போது அவன் சம்பாத்தியத்தில் அவன் வாங்கிக்கொள்ளட்டும். வீட்டில் பழகவும் பாட்டைப் பதிவு செய்யவும் இலவசமாகக் கிடைப்பதே தாராளம்.

உங்கள் வீட்டிலும் ஒரு கிதாரும் ஒரு லேப்டாப்பும் இருந்து, "அது வேண்டும், இது வேண்டும்" என்று குரல் எழுந்தால், கடைக்குப் போவதற்கு முன் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். எதைச் சேர்க்கலாம் என்று பார்க்காமல், எதை எடுக்கலாம் என்று பாருங்கள்.

மாலையில் நான் புறப்படும்போது பையன் தெருமுனை வரை வழியனுப்ப வந்தான். மலை உச்சியில் கோயில் விளக்கு தெரிந்தது. மென்று விழுங்கிக்கொண்டு, "மாமா, புதுசா ஒரு செட் தந்தி மட்டும்..." என்றான்.

பணத்தை எடுத்துக் கொடுத்தேன். தந்தி என் செலவு. சங்கிலி அக்கா கழுத்தில் சௌக்கியமாக இருக்கிறது.