தாயின் குரலில் மகன்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் அமைந்த தொழில் நகரம் ரேசின். பிரெஞ்சு மொழியில் ‘ரேசின்’ என்றால் வேர். நகரின் ஊடே ஓடும் ஆற்றுக்கும் ‘ரூட்’, அதாவது வேர் என்பதே பெயர். இந்நகரில் 1931ஆம் ஆண்டு பிறந்தவர் எழுத்தாளர் டேவிட் கெர்டியன். அவருடைய குடும்பத்தின் வேர்களோ அங்கு இல்லை. அவை கடல்களுக்கு அப்பால், அன்றைய உதுமானியப் பேரரசின் மண்ணில் அறுபட்டுக் கிடந்தன. அவ்வேர்களைத் தேடி அவர் எழுதிய நூல்களுள் தலையாயது, தம் தாயின் இளமைக் காலத்தைக் கூறும் ‘தி ரோடு ஃப்ரம் ஹோம்’ (1979). ‘வீட்டிலிருந்து நீளும் சாலை’ என அதனைத் தமிழில் கூறலாம்.

கெர்டியனின் பெற்றோர் ஆர்மீனியர். தமக்கெனத் தனி மொழியும், கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான தனி எழுத்தும் உடைய தொன்மையான இனத்தவர் அவர்கள். வணிகத்தின்பொருட்டுக் கடல் கடந்து பல நாடுகளில் வாழ்ந்தவர்கள். ஆர்மீனிய மொழியின் முதல் பருவ இதழ் 1794இல் அச்சேறியது நம் சென்னையில்தான். கெர்டியன், சரோயன் என அவர்தம் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் ‘யன்’ என முடியும். இன்னாரின் வழிவந்தவர் என்பதே அவ்வீற்றின் பொருள்.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1915ஆம் ஆண்டில், உதுமானிய அரசு ஆர்மீனியரைக் குடும்பம் குடும்பமாக வெளியேற்றிச் சிரியப் பாலைவனம் நோக்கி விரட்டியது. கொலை, பசி, நோய் ஆகியவற்றால் மாண்டோர் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என வரலாற்றாசிரியர் பலர் மதிப்பிடுகின்றனர். அவ்வாறு விரட்டப்பட்டோருள் ஒருத்தி, எட்டு வயதுச் சிறுமி வெரோன் டுமேஜியன். அசிசியா என்னும் ஊரில் 1907இல் வசதியான குடும்பத்தில் பிறந்தவள். பாட்டியின் அன்பிலும் உடன்பிறந்தோரின் விளையாட்டிலும் கழிந்த அவளது குழந்தைமை, புறப்பட ஆணை வந்த நாளோடு முடிந்தது. வழியில் உடன்பிறந்தோரைக் காலரா கொண்டுபோயிற்று. தாயும் தந்தையும் அடுத்தடுத்து மறைந்தனர். தனித்து எஞ்சிய சிறுமி அலெப்போ நகரில் அடைக்கலம் பெற்றாள். போர் ஓய்ந்தபின் பாட்டியிடம் திரும்பினாள்.

இந்நூலில் வெரோனே ‘நான்’ என்று தன் கதையைக் கூறுகிறாள். எழுதியவரோ அவள் பெற்ற மகன். ஆண்பாற்புலவர் தலைவியாகவும் தோழியாகவும் நற்றாயாகவும் நின்று பேசும் அகப்பாடல்களைப் பயின்ற நமக்கு இது புதிதன்று. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அகத்திணை மாந்தர்க்கு இயற்பெயர் சுட்டப்படுவதில்லை. இங்கோ பெயரும் ஊரும் ஆண்டும் உண்மையானவை. நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே 64 ஆண்டுகள் கடந்துவிட்ட நிலையில், அன்று பேசிய சொற்களை அப்படியே நினைவில் வைத்திருக்க எவராலும் இயலாது. அவ்வாறாயின் இது வாழ்க்கை வரலாறா, புதினமா என்னும் ஐயம் எழுவது இயல்பே. தாயின் நினைவை அடித்தளமாகக் கொண்டு, இடைவெளிகளைக் கற்பனையால் நிரப்பிய வரலாறு எனக் கொள்வதே பொருந்தும்.

படர்க்கையில் எழுதியிருந்தால் நூலாசிரியர் பேரரசு, போர், அரசாணை எனக் காரணங்களை விளக்க வேண்டியிருந்திருக்கும். எட்டு வயதுச் சிறுமிக்கு அவை விளங்கா. நேற்று உடனிருந்த தம்பி இன்று இல்லை என்பது மட்டுமே அவளுக்குத் தெரியும். அறியாமையோடு கூடிய அந்தக் குரல், விளக்கங்களைவிட ஆழமாக நம்மைத் தொடுகிறது. கதை வளர வளரக் குரலும் வளர்கிறது. 1922 செப்டம்பரில் துறைமுக நகரான ஸ்மிர்னா தீப்பற்றி எரிந்தபோது வெரோனுக்கு வயது பதினைந்து. முன்னே கடல், பின்னே நெருப்பு, கரையில் பெருங்கூட்டம். அக்கூட்டத்தில் ஒருத்தியாக நின்ற வெரோன் கிரேக்க நாட்டுக்குத் தப்பிச் சென்றாள்.

துயரம் நிறைந்த நூல் என்று இதனை ஒதுக்கிவிட முடியாது. பருவப் பெண்ணுக்கு உரிய தோழமையும் எதிர்காலம் பற்றிய கனவும் இதில் உண்டு. அமெரிக்காவில் வாழ்ந்த, முன்பின் கண்டிராத ஆர்மீனியர் ஒருவருக்கு அவளை மணம் பேசுகின்றனர். அவளும் இசைகிறாள். அம்மணமகன் மெல்கன் கெர்டியன், நூலாசிரியரின் தந்தை. மணமகளின் அமெரிக்க வாழ்வை ‘ஃபைண்டிங் ஹோம்’ (1981) என்னும் நூல் தொடர்கிறது. முதல் நூலின் தலைப்பில் வீடு பின்னால் நிற்கிறது. இரண்டாவதில் அது தேடிக் கண்டடையப்படுகிறது.

‘தி ரோடு ஃப்ரம் ஹோம்’ 1980ஆம் ஆண்டு நியூபெரி சிறப்புத் தகுதியைப் பெற்றது. அமெரிக்காவில் இளையோர் நூல்களுக்கு வழங்கப்படும் பெருமதிப்புகளுள் அதுவும் ஒன்று.

தாயின் பதின்பருவத்தை முதலில் எழுதிய பிறகே, ரேசினில் கழிந்த தம் சிறுவயதை ‘ரூட் ரிவர் ரன்’ என்னும் நினைவு நூலாகக் கெர்டியன் வெளியிட்டார். தந்தையைப் பற்றியோ அதற்கு முன்பே, அவரது மறைவை ஒட்டிய கவிதைகளை 1970இல் நூலாக்கியிருந்தார். ஆர்மீனியக் குடியேறிகளின் பிள்ளைகளாக அமெரிக்காவில் வளர்ந்து எழுத்தாளரான பிறரையும் அவர் மறக்கவில்லை. அவர்களுடைய படைப்புகளைத் திரட்டி 2007இல் ஒரு தொகுப்பை வெளியிட்டார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘மறக்கப்பட்ட ரொட்டி’.